எதிர்ப்பக்கத்து நிழற்குடை

எங்கள் ஊர் பஸ் நிழற்குடையைத் தப்பான பக்கத்தில் கட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான். பஸ் ஏறுகிற பக்கத்தில் மொட்டை வெயில். பஸ்ஸை விட்டு இறங்குகிற பக்கத்தில் ஜம்மென்று கூரை போட்டு, சிமெண்ட் பெஞ்சு கட்டி, நீல பெயிண்ட் அடித்து ஒரு நிழற்குடை. இறங்கினவன் அங்கே உட்கார்ந்து என்ன செய்வான்? வீட்டைப் பார்த்து நடையைக் கட்டுவான். ஆனால் வாழ்க்கையில் நான் நிம்மதியாக உட்கார்ந்த இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த பெஞ்சைத்தான் சொல்வேன். இப்போது அது இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் நெல் வயல். வயல் எங்களுடையது இல்லை. எங்கள் அப்பா அம்மாக்கள் அதில் கூலிக்கு இறங்கியவர்கள். நாங்கள் அந்த வயலைப் பார்த்தபடி நின்று கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பேட்டைக்குப் போகிற பஸ் வயல் பக்கம் நிற்கும். பேட்டையிலிருந்து வருகிற பஸ் ஊர்ப் பக்கம் நிற்கும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் கையிலிருக்கிற பையை, வீட்டு ஆள் ஒருத்தர் ரோட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கூலி நெல்லைத் தலையில் சுமந்து வருகிற பெண்களுக்குச் சுமை இறக்க வரப்பு வரைக்கும் ஆள் போகும். நெல் போய்க் கம்பெனிச் சம்பளம் வந்தபிறகும் அந்தக் கால்கள் நிற்கவில்லை. இறக்குவதற்குச் சுமைதான் இல்லை. காலி டிபன் கேரியரும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கிடக்கிற துணிப்பை, அவ்வளவுதான். அதையும் வாங்குவார்கள். வாங்க ஆள் வராத வீட்டைப் பற்றி ஊரில் நாலு வார்த்தை பேசுவார்கள். சாயங்காலமானால் இறங்குகிற பக்கத்தில் ஊரே கூடி நிற்கும்.

நிழற்குடை தப்பான பக்கத்துக்குப் போனது இந்த வழக்கத்தால்தான். கிராம சபையில் பல வருஷம் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஒன்றியத்தில் நிதி ஒதுக்கினார்கள். என்ஜினியர் இடம் பார்க்க வருகிறார், பஸ்ஸுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால்தான் எழுதுவாராம் என்று செய்தி வந்தது. அப்போது இருந்த தலைவர் மைக் கட்டி எல்லோரையும் சாயங்காலம் ரோட்டுக்கு வரச் சொன்னார். காலையில் அவனவன் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டத்தில் இருப்பான், யார் நின்று முகம் காட்டுவது? நாங்களும் போனோம். எங்கே போய் நின்றோம்? காலுக்குப் பழகின இடத்தில்தான், பை வாங்குகிற பக்கத்தில். ஜேஜே என்று கூட்டம். வெளியூர்க்கார என்ஜினியருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த இடத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்.

ஒருத்தர் மட்டும் தலைவர் காதில் போய், "அண்ணே, இது எறங்குற பக்கம்ணே" என்றார்.

தலைவர் அவர் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். "சும்மா கெடய்யா. மாத்தி எழுதணும்னு ஃபைலு திரும்பிப் போச்சுன்னா இந்த ஜென்மத்துல வராது. ரோட்டத் தாண்டுனா ஏறுற பக்கம். இதுல இன்னா பேஜாரு உனக்கு?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அன்றைக்கு ரோடு ஒடுக்கம். எல்லோரும் இறங்குகிற பக்கத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வளைவில் திரும்பும்போது டிரைவர் ஹாரன் அடிப்பார். சேலையையும் சுடிதாரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் குறுக்கே ஓடுவார்கள். மழை நாளில் அந்த ஓட்டத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் விசில் அடித்து வசவு வாங்குவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் இரும்புக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியில் உலைப் பக்கம் வேலை செய்கிறேன். கரண்ட் செலவு ராத்திரியில்தான் கட்டுபடியாகும் என்று முதலாளிக்குக் கணக்கு. அதனால் எங்கள் உலை ராத்திரியில் எரியும். என் மனைவிக்குக் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் பகல் வேலை. நான் சாயங்காலம் பஸ் ஏறிப் போன பிறகு அவள் வந்து இறங்குவாள். அவள் காலையில் கிளம்புகிற நேரத்துக்கு நான் வந்து இறங்குவேன். வார லீவும் ஒத்துவராது. எனக்கு வேறொரு கிழமை, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பகலில் நான் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். என் லீவு நாளில் அவள் ஓவர்டைம் முடித்து வந்து சாப்பிட்ட தட்டோடு சாய்ந்துவிடுவாள். ஒரே மகள், மணவாள நகரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். ஒரே பாயில் பகலில் நானும் ராத்திரியில் அவளுமாகப் படுத்தோம். பாய்க்குத்தான் ஓய்வில்லை.

எங்களுக்கென்று இருந்தது காலையில் அந்த நிழற்குடையில் கிடைக்கிற கொஞ்ச நேரம். என் பஸ் முந்தி வரும், அவள் பஸ் பிந்தி வரும். நடுவில் ஒரு டீ ஆறுகிற நேரம் இருக்கும்.

அவள் குளித்து, பவுடர் போட்டு, பின்னலில் துளி பூ வைத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் இரும்புப் புகையும் வேர்வையுமாக இறங்குவேன். பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து கையை நீட்டிவிடுவாள். வீட்டில் பை வாங்க வேறு ஆள் கிடையாது, இவள்தான் வாங்க வேண்டும். வாங்கின உடனே ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பாள். அந்தக் கனத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"மிச்சம் வெச்சிக்கினு வந்துக்கிறியா?"

"பசியில்ல மே."

"பசியில்லயா, கொழம்பு புடிக்கலியா?"

"கொழம்பு நல்லாத்தான் கீது."

"பொய்யி."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் பக்கத்தில் உட்காருவேன். பிறகு பேசுவோம். என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அவள் லைனில் ஒயர் கட்டுகிற ஒரு பெண் தூங்கி வழிந்து சூப்பர்வைசர் மேலேயே சாய்ந்தது, எனக்குக் காலில் பொறி தெறித்தது, மகள் ஃபோனில் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை என்பது, எதிர் வயலில் உட்கார்ந்திருக்கிற கொக்கு நேற்று வந்ததேதானா என்பது. ஒரு நாள் அவள் கண்ட கனவைச் சொன்னாள். கனவில் நாங்கள் ரெண்டு பேரும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோமாம். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "அது எதுக்கு? ஒக்காந்துக்கினு இருந்தோம்" என்றாள்.

ஹாரன் கேட்கும். சடாரென்று எழுவாள். மடியிலிருந்த பையை என் கையிலேயே திணித்து, அதன் மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டுக் குறுக்கே ஓடுவாள். பஸ் போன பிறகு நான் வாங்கப்பட்டுத் திரும்பி வந்த பையோடு வீட்டுக்கு நடப்பேன்.

ஒரு நாள் கேட்டேன். "திருப்பிக் குடுக்குறதுக்கு எதுக்கு மே வாங்குற?"

"வாங்குற மொறைக்கு வாங்கணும். போற அவசரத்துக்குக் குடுக்கணும்" என்றாள், ஏதோ கவர்மெண்ட் சட்டம் சொல்வதுபோல.

ஊரில் எங்களைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. நான் இறங்கினால் டீக்கடையிலிருந்து "புது மாப்ள வந்துட்டாரு" என்று குரல் வரும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கமும் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். துறைமுகத்திலிருந்து பேட்டைக்குக் கண்டெய்னர் லாரி பெருகிப்போயிருந்தது. குறுக்கே ஓடுகிற எங்கள் வழக்கம் நிறைய பேரைக் காயப்படுத்தியது. அடுத்த தெருப் பையன் ஒருத்தனுக்குக் கால் போயிற்று. ரோட்டுக்கு நடுவில் சுவர் வேண்டும், ஏறுகிற பக்கத்தில் புது நிழற்குடை வேண்டும் என்று கிராம சபையில் நாங்களே தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பையன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபிறகு யார் கை தூக்காமல் இருப்பார்கள்? சுவர் கட்டியது தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். சொன்னால் என் நாக்கு வெந்துபோகும்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆச்சரியம்தான். சீக்கிரமாகவும் கிடைத்தது. ரோட்டு நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுந்தது. இளவட்டங்கள் அதையும் தாண்டிக் குதித்ததால் மேலே இரும்புக் கம்பி வேலி வைத்தார்கள். வயல் பக்கத்தில் பளபளவென்று ஸ்டீல் நாற்காலி போட்ட நிழற்குடை வந்தது. திறப்பு விழாவுக்கு ரிப்பன், லட்டு, போட்டோ எல்லாம் உண்டு. "இப்பதான்யா கரெக்டான பக்கத்துல கட்டிக்கிறாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் லட்டு தின்றேன். பழைய நிழற்குடையை அந்த வாரமே இடித்துவிட்டார்கள். இரண்டு நிழற்குடைக்குப் பராமரிப்புச் செலவு கட்டாது என்றார்களாம். அடித்தளம் மட்டும் மிஞ்சியது. அதன் ஓரத்தில் நீல பெயிண்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தது.

ரோட்டைத் தாண்டுவதற்கு வளைவில் ஒரு வழி விட்டிருந்தார்கள். ஊரிலிருந்து அங்கே நடந்து, தாண்டி, அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்து வந்தால்தான் புது நிழற்குடை. அதனால் பெண்கள் முன்னைவிட சீக்கிரம் கிளம்ப வேண்டி வந்தது. நான் இறங்கும்போது அவள் ஏற்கனவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பாள். வீட்டுச் சாவி வாசலில் மீட்டர் பெட்டி மேல் இருக்கும். நான் வளைவைச் சுற்றி அவளிடம் போவதற்குள் அவள் பஸ் வந்துவிடும்.

முதல் நாள் அவள் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். கை பாதி நீண்டுவிட்டது. அப்புறம் கீழே விட்டுவிட்டாள். ரோட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றபடி பேச ஆரம்பித்தோம். பேசினோம் என்றா சொல்வது? கத்தினோம்.

"ரசம் அடுப்பு மேலயே கீது!"

"இன்னா?"

"ரசம்! ரசம்!"

நடுவில் லாரி போகும். அது போய் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

"கேஸு மாத்தணும்! ஆளு வருவான்! தூங்கிப்புடாத!"

"சரி!"

ரசம், கேஸ், பால் பாக்கெட், தண்ணி மோட்டார். எல்லாம் கத்திச் சொல்லக்கூடிய விஷயம். கனவைக் கத்திச் சொல்ல முடியுமா? கொக்கைப் பற்றி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்தினால் ஊர் சிரிக்காதா? கத்திச் சொல்ல முடியாத எதையும் நாங்கள் பேசி வெகு நாளாகிவிட்டது என்பது ஒரு காலையில் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். தூக்கமும் வரவில்லை.

ஃபோன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவள் கம்பெனி வாசலில் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவள் வெளியே வருகிறபோது நான் உலை முன்னால் நிற்பேன். நான் வெளியே வருகிறபோது அவள் சமைத்து, குளித்துக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாள். கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் ஃபோனிலும் ரசம்தான்.

ஒரு தடவை எங்கள் பஸ் டிரைவரைக் கெஞ்சி, ஊரைத் தாண்டி வளைவில் இறக்கிவிடச் சொன்னேன். கம்பெனி குறித்துக் கொடுத்த இடம் தவிர வேறெங்கும் நிறுத்தக் கூடாது என்று சட்டம். இருந்தாலும் நல்ல மனுஷன். "இன்னிக்கு ஒரு நாளுதான், நைனா. மாட்டி உட்றாத" என்று நிறுத்தினார். இறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கமாக ஓடினேன். உலையில் நின்ற காலால் ஓடுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பையில் கேரியர் லொடலொடவென்று அடிக்கிறது. தூரத்தில் அவள் நிற்கிறாள், நான் வழக்கமாக இறங்குகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு. கூப்பிட்டேன், கேட்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. அவள் பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஏறும்போதுகூட அவள் அந்தப் பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் இந்தப் பக்கம் வருவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் இரண்டு கம்பெனிக்கும் ஒன்றாக லீவு விடுகிற நாட்கள் வருஷத்தில் கொஞ்சம்தான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. அதே நாட்களில்தான் கிராம சபையும் வைப்பார்கள். அதனால் ஊரில் எல்லோருக்கும் கிராம சபை என்றால் கொட்டாவி, எனக்கு மட்டும் கல்யாண நாள் மாதிரி. நானும் அவளும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக நடந்து, ஊராட்சி அலுவலகத்து முன்னால் போட்ட ஷாமியானாவுக்குப் போவோம். அங்கே போனதும் ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் என்று பிரித்து உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு நான் யாரைக் குற்றம் சொல்வது?

சுவர் வந்த பிறகு வந்த சுதந்திர தினத்தில், கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து சபை தொடங்கியது. இப்போது இருக்கிற தலைவரம்மா முன்னே மாத்திரை பேக் பண்ணுகிற கம்பெனியில் வேலை செய்தவர். புது நிழற்குடையைப் பற்றி அவரும் ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரியும் மாறி மாறிப் பெருமை சொன்னார்கள். பிறகு ஊர்க்காரர்கள் முறை. தண்ணீர் மஞ்சளாக வருகிறது, நூறு நாள் வேலை சரியாகக் கிடைக்கவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நானும் ஒன்று கேட்கலாம் என்றுதான் வந்திருந்தேன். சுவரில் ஊருக்கு நேராக ஒரு வழி வேண்டும் என்று. காரணம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொல்லலாம், வயலுக்குப் போகிற டிராக்டரைச் சொல்லலாம். மனசுக்குள் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எழுந்திருக்க வரவில்லை.

பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்தார்கள். பார்த்தால் என் மனைவி.

"நான் ஒயரு கம்பெனில வேல செய்றேன் சார். எங்க ஊட்டுக்காரரு இரும்புக் கம்பெனி, நைட்டு. அவரு வர்ற நேரத்துல நான் போறேன். மின்ன அந்த நெழக்கொடையில கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசிக்கினு இருப்போம். இப்ப நடுவுல செவுரு. அவரு அந்தாண்ட, நான் இந்தாண்ட. கத்தித்தான் பேச வேண்டிக்கீது. செவுத்துல ஒரு வழி உடுங்க சார், புருசன்கிட்ட பேசிட்டுப் போறேன்."

கொல்லென்று சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு மிட்டாய்க் காகிதத்தை மடித்தேன்.

அதிகாரியும் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. "ஏம்மா, பேசுறதுக்குத்தான் ஃபோன் இருக்கே?" என்றார்.

"ஃபோன்ல பைய வாங்க முடியுமா சார்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் மகனும் நைட் ஷிப்ட், அவர் மருமகளும் பகல் ஷிப்ட். பெண்கள் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்து, "எங்க ஊட்லயும் இதே கததான் சார்" என்றாள். பிறகு ஒருத்தி. பிறகு இன்னொருத்தி. இத்தனை வீடுகளில் இதே ஏக்கம் இருந்ததை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

தலைவரம்மா ஊராட்சிச் செயலரைப் பார்த்து, "எழுதிக்கங்க" என்றார்.

"இன்னான்னு மேடம் எழுதுறது?"

தலைவரம்மா கொஞ்சம் யோசித்தார். "பொதுமக்கள் நலன் கருதின்னு போட்டுக்கங்க. அதுல எல்லாம் அடங்கும்."

சபை முடிந்து திரும்பி நடக்கும்போது அவளிடம் கேட்டேன். "இன்னா மே, இப்படி எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கிட்ட?"

"நீ ஏந்திரிப்பன்னு பாத்தேன். ஏந்திரிக்கல. அதான்."

கொஞ்ச தூரம் நடந்தோம். முழுப் பகலும் எங்கள் முன்னால் கிடந்தது. தூக்கம் இல்லை, பஸ் இல்லை, ஹாரன் இல்லை. "சரி, பேசணும் பேசணும்னியே. இப்ப பேசு" என்றேன்.

அவள் முறைத்தாள். "பேசுன்னா வந்துருமா? அது சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா தன்னால வரும்யா. லீவு போட்டு வரவழைக்க முடியுமா?"

நாஷ்டாவுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கொஞ்சம் டிவி பார்த்தோம். மத்தியானம் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

காந்தி ஜெயந்தி சபையில் பதிலை வாசித்தார்கள். விபத்து நேரும் அபாயம் இருப்பதால் அந்த இடத்தில் இடைவெளி விட இயலாது, பொதுமக்கள் வளைவில் உள்ள வழியைப் பயன்படுத்திக்கொள்ளவும். கூடவே ஒரு நல்ல செய்தி. ஊர்மக்கள் கோரிக்கையைப் பரிசீலித்துப் புது நிழற்குடைக்கு சோலார் விளக்கு ஒதுக்கியிருக்கிறார்களாம். வழி கேட்டோம், விளக்கு வந்தது. நாலு பேர் கை தட்டினார்கள். காலை இழந்த பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? என் மனைவி பெண்கள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைவிட அந்த முதுகுதான் என்னை அதிகம் படுத்தியது. அந்த இடத்திலேயே எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்திருக்கலாம். இந்த வயசில் என்னை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

அதற்குப் பிறகு அவள் வழியைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் ரசம், கேஸ், மோட்டார் என்று கத்தினோம். மழைக்காலத்தில் கத்தலும் கேட்காது. குடையைத் தூக்கிக் காட்டுவாள், நான் தலையை ஆட்டுவேன்.

தை மாதத்தில் குடியரசு தினம் வந்தது. முந்தின நாள் ராத்திரி உலை ஓடியது, விடியற்காலையில் அணைத்தார்கள். அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் எல்லோரும் லீவு மயக்கத்தில் இருந்தார்கள். லீவு நாளில் அவள் ரோட்டுப் பக்கம் வருகிற வழக்கம் இல்லை. வருஷம் முழுக்க ஓடுகிறவள், அன்றைக்காவது கொஞ்சம் படுத்துக் கிடக்கட்டும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். வெளியே லேசாகப் பனி இருந்தது. நான் படியில் இறங்கிக் காலைக் கீழே வைத்தேன். இடித்த நிழற்குடையின் அடித்தளத்தின் மேல், சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கை நீண்டிருந்தது.

"குடு" என்றாள்.

கொடுத்தேன். ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள். அந்த சிமெண்டின் மேலேயே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பெஞ்சு இல்லை, கூரை இல்லை. பை அவள் மடியில் இருந்தது. எதிரே புது நிழற்குடையில் ஒருத்தரும் இல்லை, லீவு நாள். சோலார் விளக்கு மட்டும் விடிந்தது தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அதே ரயிலு கனவு திரும்ப வந்துச்சு" என்றாள்.

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. நீ ஜன்னலாண்ட தூங்கிக்கினு இருக்குற. நான் பாத்துக்கினு இருக்குறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலைச் சூட்டில் கண் எரிகிறது என்று சொல்லி சமாளித்தேன். அவள் நம்பவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தோம். பையைத் திருப்பித் தருவாள் என்று பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாங்கின பை என் கைக்குத் திரும்பாமல் வீடு வரைக்கும் போனது இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான். வழியெல்லாம் என் இரண்டு கையும் சும்மா இருந்தது. எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ராத்திரி மறுபடி உலை. அடுத்த காலையில் நான் இறங்கினேன். அவள் எதிர்ப்பக்கம் ஸ்டீல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ரோட்டோரத்தில் நின்றாள். ரசம் என்று கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை நீட்டினாள். நடுவில் இரண்டு பக்கத்து ரோடும், சுவரும், சுவரின் மேல் கம்பியும். நான் பையை உயரத் தூக்கிக் காட்டினேன். கனம் தெரிந்ததோ என்னவோ, மிச்சம் வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்ததுபோல விரலை ஆட்டி மிரட்டினாள். நான் சிரித்தேன். அவள் பஸ் வந்து எங்களுக்கு நடுவில் நின்றது. அது கிளம்பிப் போன பிறகு அங்கே யாரும் இல்லை. நான் பையை இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.